எங்கள் கடலில் மூச்சுவிடும் உயிர்கள்

(பழைய மாணவர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "டொக்டர் வந்தால் நீரிழிவு பற்றித்தான் பேசுவா என்று எல்லாரும் நினைப்பினம். நீர் விரும்பினதைப் பேசும்" என்றார். விரும்பியதை என்ற சொல்லை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். நீரிழிவு பற்றிக் கேட்க விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வரலாம். பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

நான் பேச வந்தது எங்கள் கடலில் வாழும், ஆனால் மீன் அல்லாத உயிர்களைப் பற்றி: திமிங்கிலம், டொல்பின் என்று புத்தகத்தில் நாங்கள் படித்த ஓங்கில், அதோடு கடற்பசு.

தரம் எட்டில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் ஒரு நாள், மன்னாரில் பிடிபடும் மீன்களில் பத்தை எழுதச் சொன்னார். பேசாலையிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி ஐந்தாவதாக ஓங்கில் என்று எழுதியிருந்தாள். ரீச்சர் சிவப்பு மையால் வெட்டினார். "அது மீன் இல்லைப் பிள்ளை, அது குட்டி போட்டுப் பால் குடுக்கிறது." என் தோழி விடவில்லை. "ரீச்சர், எங்கட அப்பாவின்ர வலையில மீனோடதானே வந்தது!" வகுப்பே சிரித்தது. அந்தத் தோழி இப்போது மூன்றாவது வரிசையில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். ரீச்சர் சொன்னது சரி. ஆனால் அவள் சொன்னதும் பொய்யல்ல. அந்த வலையைப் பற்றித்தான் நான் இன்று கூடுதலாகப் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் தீவு இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு விரிகுடா. இரண்டுக்கும் நடுவில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை சுமார் 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மணல் திட்டுகள். சில இடங்களில் ஆள் நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். ஆகவே பெரிய திமிங்கிலங்கள் அந்தப் பக்கம் போக முடியாது. அவை தெற்கே, கற்பிட்டிக்கு மேற்கில் கடல் சடுதியாக ஆழமாகும் இடத்தில் திரிகின்றன. நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் அங்கே உண்டு. எங்கள் கரையோரத்தில் காணக்கூடியவை ஓங்கில்கள். அவற்றில் முதுகில் திமில் போன்ற மேடுள்ள இனம் ஒன்று, ஆழமில்லாத தண்ணீரிலும் களப்பு வாய்களிலும்தான் இருக்கும். கடற்பசுவோ கடற்புல் உள்ள இடத்தை விட்டு அதிகம் அகலாது. அந்தப் புல் கரையில் ஒதுங்கும்போது சாதாளை என்று நாங்கள் காலால் தட்டிவிட்டுப் போகிறோம். தீவின் இருபக்கமும் அந்தப் புல்வெளிகள் இருப்பதால் கடற்பசுவுக்கு இரண்டு கடலும் ஒன்றுதான்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். திமிங்கிலம் வடமொழிச் சொல். 'திமி' என்னும் பெருமீனையே விழுங்குவது என்று பொருள். ஓங்கில் எங்கள் சொல். எழும்பி எழும்பிப் போவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடற்பசுவுக்குத் தமிழ்நாட்டுக் கரையில் ஆவுளியா என்று அழகான பெயர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கடற்பன்றி என்று சொல்லிவிட்டோம். சிங்களத்திலும் முஹுது ஊரா, அதாவது கடற்பன்றிதான். பெயரைக் கேட்டாலே சட்டிதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் 1560ஆம் ஆண்டில் எங்கள் தீவில் அவற்றைப் பார்த்த சிலருக்குச் சட்டி ஞாபகம் வரவில்லை. அது போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்த வருடம். தீவுக்கு அருகே மீனவர்கள் ஒரே இழுப்பில் ஏழு கடற்கன்னிகளைப் பிடித்தார்கள் என்று இயேசு சபையின் பழைய வரலாறு ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. பார்த்த சாட்சிகளில் ஒருவர் ஹென்றிக்கஸ் அடிகளார். 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்ட அதே அடிகளாராகத்தான் இருக்கவேண்டும். அக்காலத்தில் இந்தக் கரைகளில் பணிசெய்தவர் அவர். இன்னொரு சாட்சி கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதியின் வைத்தியர், டிமாஸ் பொஸ்கே. அவர் அந்த உடல்களை அறுத்து ஆராய்ந்து, உள்ளும் புறமும் மனிதரைப் போலவே இருக்கின்றன என்று சொன்னாராம். இந்தச் செய்தியைப் பிறகு ஆங்கிலத்தில் எடுத்து எழுதியவர் எமர்சன் ரெனன்ற். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1847இல் மன்னாரில் கொல்லப்பட்ட கடற்பசு ஒன்று கொழும்பில் தனக்குக் கிடைத்ததாகவும், அது ஏழு அடிக்கு மேல் நீளமாக இருந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். அந்த ஏழு கடற்கன்னிகளும் கடற்பசுக்கள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

இதை முதலில் வாசித்தபோது அந்த வைத்தியரை நினைத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் அவ்வளவு பெரிய பிழை விடவில்லை. கடற்பசுவின் முலைகள் இரண்டும் எங்களைப் போல மேலே, முன்துடுப்பின் அக்குளில் இருக்கின்றன. துடுப்புக்குள் ஐந்து விரல்களின் எலும்பு இருக்கிறது. நுரையீரல் இருக்கிறது, நாலு அறை இதயம் இருக்கிறது, கருப்பை இருக்கிறது. மீன் அறுத்தே பழகிய கையோடு அதை அறுத்தவர் திடுக்கிட்டிருப்பார். யானைக்குத்தான் கிட்டிய உறவு என்று அவருக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

கடற்பசு 3 மீற்றர் வரை வளரும். 400 கிலோ நிறை வரும். 70 வருடம் வரை வாழும். ஒரு மகப்பேற்று வைத்தியர் பார்ப்பதுபோல இதன் கணக்கைப் பாருங்கள். முதல் குட்டி போடவே பத்து வயது ஆகலாம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். கர்ப்பகாலம் 13 முதல் 14 மாதம். ஒரே ஒரு குட்டி. பால்குடி ஒன்றரை வருடம். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருட இடைவெளி. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் கடற்பசுக் கூட்டமொன்று வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் நூறு கடற்பசு உள்ள ஒரு கடலில் வருடத்துக்கு ஐந்தாறு வலையில் செத்தாலே கூட்டம் தேயத் தொடங்கிவிடும். வருடத்துக்கு ஐந்தாறு என்பது எந்த ஊரிலும் யாருக்கும் பெரிதாகத் தெரியாத எண்ணிக்கை. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

இப்படி ஒன்று முன்பும் நடந்திருக்கிறது. 1741இல் வட பசிபிக் கடலில் கப்பல் உடைந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்ட ஸ்டெல்லர் என்பவர், அவரும் ஒரு வைத்தியர், கடற்பசுவுக்கு உறவான ஒரு பெரிய விலங்கைக் கண்டு விபரமாக எழுதி வைத்தார். இறைச்சி நல்லது என்றும் எழுதினார். 1768இல் அந்த இனத்தில் ஒன்றுகூட உலகத்தில் இல்லை. இருபத்தேழு வருடம், அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சின்ன வயதில் நானும் அந்த இறைச்சியைச் சாப்பிட்டிருக்கிறேன். அம்மம்மா மிளகு கூடப் போட்டுப் பிரட்டல் வைத்தார். மாட்டிறைச்சி மாதிரித்தான் இருந்தது. அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அது சட்டவிரோதம் என்று தெரிந்திருக்கவில்லை. உண்மையில் இலங்கையின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1970ஆம் ஆண்டிலிருந்தே கடற்பசு பாதுகாக்கப்பட்ட விலங்கு. நான் பிறப்பதற்கு முன்பே!

அம்மம்மாவைக் குற்றம் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து எங்கள் உறவினர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். நல்ல மனிதர், இருபது வருடத்துக்குப் பின் ஊருக்கு வந்தவர். சாப்பாட்டு மேசையில் என்னிடம் கேட்டார், "இப்பவும் கடற்பன்றி கிடைக்குமே? யாரிட்டையும் சொல்லி எடுக்கலாமே?" அவர் கேட்டது இறைச்சி மட்டும் அல்ல, சின்ன வயது மன்னாரையும் சேர்த்துத்தான். அது எனக்கு விளங்கியது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்காமல் ஒரு சம்மாட்டியிடம் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? வலையில் உயிரோடு வந்த ஒன்றை விடுவதா, கொண்டுவருவதா என்று யோசிக்கும் ஒரு மனிதனுக்கு, வெளிநாட்டுக் காசோடு கேட்டு வைத்த ஆள் ஞாபகம் வரும். இங்கே இருக்கும் உங்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். மலரை அங்கே இருந்து வாசிக்கப்போகிறவர்கள் இன்னும் அதிகம். தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் கணவர், மச்சான், தம்பி கேட்டாலும் மறியுங்கள். நண்டும் இறாலும் கணவாயும் தாராளமாகச் சாப்பிடுங்கள், நானே வாங்கித் தருகிறேன்.

இப்போது வலைக்கு வருகிறேன். கடற்பசுவும் ஓங்கிலும் தண்ணீரில் இருந்தாலும் மூச்சுக்கு மேலே வரவேண்டியவை. கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வரும். வலையில் சிக்கினால் அது சாவது காயத்தால் அல்ல, மூச்சு முட்டித்தான். இரவில் வலையைப் போட்டுவிட்டு விடியப்புறம் இழுக்கும் மனிதருக்கு அது வேண்டுமென்று செய்ததும் அல்ல. அவருடைய வலையும் கிழிந்துபோகும். இன்றைக்கு ஒரு வலையின் விலை என்னவென்று கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உயிரோடு சிக்கியதை விடுவிப்பதற்கு வலையை வெட்டினால் நட்டம் அவருக்கே. கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டிப் பணமும் கொடுக்கிறது. 2022 செப்டெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தும் இருக்கிறார்கள். கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. அங்கே வளர்வது இங்கே வந்து செத்தால் அவர்களுடைய வேலையும் வீண். மறுவளமாகவும் அப்படித்தான். அந்தக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் எங்கள் பக்கத்துக் கடலின் அடியைச் சுரண்டிப் போவது எங்கள் மீனவர்களின் பெரிய மனக்குறை. இங்கே 2017இல் இழுவைமடி முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இழுவைமடி போன இடத்தில் புல் பிடுங்குப்பட்டால், கடற்பசுவுக்கு மட்டும் அல்ல, அந்தப் புல்லுக்குள் வளரும் இறாலுக்கும் நண்டுக்கும் ஓராவுக்கும் வீடு போய்விடும்.

இதைவிட மோசமானது டைனமைற். இதை நான் புத்தகத்திலிருந்து பேசவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு விடியற்காலை இருபது வயது தாண்டிய ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். வலது கை மணிக்கட்டோடு இல்லை. முகத்திலும் நெஞ்சிலும் சிறு சிறு காயங்கள். மிசினுக்குள் கை போய்விட்டது என்றார்கள். மிசின் கையை அப்படி எடுக்காது. நான் பேசுவதை அவன் கேட்கவில்லை. காதைப் பார்த்தேன். இரண்டு செவிப்பறையும் கிழிந்திருந்தன. வெடி அலை உடம்பில் காற்று உள்ள இடங்களைத்தான் முதலில் தாக்கும்: செவிப்பறை, நுரையீரல், குடல். நல்ல காலம், நுரையீரல் தப்பியது.

பொலிசுக்கு எப்படிப் போகவேண்டுமோ அந்த ஒழுங்கின்படி விடயம் போனது. அது என் பேச்சுக்குத் தேவையில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பையன் எறிந்தது காற்றில் வெடித்திருக்காமல் தண்ணீருக்குள் வெடித்திருந்தால், அங்கே சுற்றி நின்ற ஓங்கில்களுக்கு இதே காயம்தான் வந்திருக்கும். தண்ணீருக்குள் வெடி அலை காற்றில் போவதைவிட வேகமாகவும் தூரமாகவும் போகும். ஓங்கில் தன் குரலின் எதிரொலியைக் கேட்டுத்தான் வழியும் இரையும் கண்டுபிடிக்கிறது. காது போன ஓங்கில் கண் போன மாதிரித்தான். ஒரு வெடியில் ஒரு பையனின் கை போகிறது, ஒரு கூட்டம் செவிடாகிறது, பவளப்பாறை தூளாகிறது, குஞ்சு மீன் எல்லாம் செத்து அடியில் கிடக்கிறது. மேலே மிதப்பதை மட்டும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பையனின் தாய் கட்டிலடியில் இருந்து கடன் கணக்குச் சொல்லி அழுதா. அவ எங்கள் பாடசாலையில் படித்தவவா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கரை ஒதுங்கும் விடயத்தையும் சொல்லவேண்டும். உங்களில் யாரும் ஒரு நாள் அந்த இடத்தில் நிற்கக்கூடும். 1973 ஜனவரியில், எங்களுக்கு எதிர்க்கரையில் குலசேகரப்பட்டினத்துப் பக்கம் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. 43 வருடங்களுக்குப் பின், 2016 ஜனவரியில், கிட்டத்தட்ட அதே இடத்தில், மணப்பாடு கரையில் மீண்டும் எண்பதுக்கு மேல். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டவை வந்தன. கொரோனா ஊரடங்கு நேரம். அப்படியிருந்தும் ஊர் இளைஞர்களும் கடற்படையினரும் இரவிரவாகத் தண்ணீருக்குள் நின்று தள்ளி, மிகப் பெரும்பாலானவற்றைக் கடலுக்கு அனுப்பினார்கள். 2023 பெப்ரவரியில் கற்பிட்டி குடாவையில் பதினான்கு வந்தன. மூன்று செத்தன, மற்றவற்றை மீட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. தரம் ஐந்துவரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவள் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. இப்போது அந்தப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. "டொக்டர், உங்கட திமிங்கிலமெல்லாம் எங்கட கரைக்கு வந்திருக்கு, என்ன செய்ய?" என்று கேட்டாள். எங்கட கரை, உங்கட கரை என்று அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கரையேறிய திமிங்கிலம் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீரில் மிதக்கும்போது அதன் நிறையைக் கடல் தாங்குகிறது. மணலில் கிடக்கும்போது அதன் உடம்பே அதன் நுரையீரலையும் தசையையும் நசுக்குகிறது. தடித்த கொழுப்புத் தோலால் சூடு வெளியேற முடியாமல் உள்ளே வேகிறது. ஆகவே வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், துடுப்பில் பிடித்து இழுக்காதீர்கள், மூட்டு விலகிவிடும். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டிவிடுங்கள். ஈரச் சீலை போட்டு, நிழல் கட்டி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தலை உச்சியில் இருக்கும் மூச்சுத் துளையை மட்டும் மூடாதீர்கள், அதற்குள் தண்ணீரும் மணலும் போக விடாதீர்கள். வேடிக்கை பார்ப்பவர்களையும் செல்ஃபி எடுப்பவர்களையும் தள்ளி வையுங்கள், இது எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கிராம அலுவலருக்கும் உடனே அறிவியுங்கள். அதன் மூச்சுக் காற்று உங்கள் முகத்தில் படவேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவேண்டாம். புருசெல்லா போன்ற கிருமிகள் இவற்றில் உண்டு, எங்களுக்கும் தொற்றலாம்.

செத்ததை வெட்டிச் சாப்பிடுவது பற்றி வைத்தியராக ஒரு வார்த்தை. பல்லுள்ள திமிங்கிலங்களிலும் ஓங்கில்களிலும் பாதரசம் சேர்கிறது. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு, அதிலிருந்து இவற்றுக்கு என்று ஏறி ஏறி வரும். வட அத்திலாந்திக்கில் பாரோ தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பைலட் திமிங்கில இறைச்சி சாப்பிடுபவர்கள். அங்கே 1986, 87இல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, கர்ப்பத்தில் கூடுதலான பாதரசம் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஞாபகசக்தியிலும் கவனத்திலும் மொழியிலும் குறை இருப்பது தெரியவந்தது. 2008இல் அந்தத் தீவின் தலைமை வைத்திய அதிகாரியே இனி அதை உணவாகக் கொள்ளவேண்டாம் என்று அறிவுறுத்தினார். தன் மக்களின் பாரம்பரிய உணவை வேண்டாம் என்று சொல்ல அந்த வைத்தியருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிளாஸ்ரிக் பற்றி இன்னொரு நாள் பேசலாம். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய கப்பலையும், 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் மூழ்கிய கப்பலிலிருந்து அடுத்த மாதமே எங்கள் கரைக்கு வந்த வெள்ளை மணிகளையும் பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் ஏன் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன் என்று கணவரும் பிள்ளைகளும் கேட்பார்கள். 1990இல் எனக்குப் பத்து வயது. சண்டை தொடங்கியபின் ஒரு இரவு, தலைமன்னார்ப் பக்கமிருந்து ஒரு வள்ளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இராமேஸ்வரத்துக்குப் போனோம். சத்தம் போடக்கூடாது என்பதற்காக மிசினை நிற்பாட்டிவிட்டார்கள். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல இருட்டு. அப்போது வள்ளத்துக்குப் பக்கத்தில், மிகக் கிட்ட, யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று, கொஞ்சம் சின்னதாக. எங்களோடு வந்த ஒரு அம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்தா. ஓட்டி மெதுவாகச் சொன்னார், "பயப்படாதேங்கோ, ஓங்கில். தாயும் குட்டியும்." கொஞ்ச நேரம் அவை எங்களோடு வந்தன. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இரவில் கடலில் தாயும் பிள்ளையுமாக நாங்கள் மட்டும் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மண்டபம் முகாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். அந்த மண்டபத்தில்தான் 1959இலிருந்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு சோடி கடற்பசுவை வைத்துப் புல் கொடுத்து வளர்த்தார்கள் என்பதையும், அவற்றில் ஒன்று பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது என்பதையும் பல வருடங்களுக்குப் பிறகுதான் வாசித்தேன்.

தங்கைமாருக்கு ஒன்று. இலங்கைக் கடலில் இந்த உயிர்களைப் பற்றிப் படித்து எழுதியவர்களில் முக்கியமான இருவர் பெண்கள். அனூக் இலங்ககோன் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் மீனவர்களிடம் கடற்பசு பற்றிக் கேட்டறிந்த ஆய்வை இந்தியத் தோழர்களோடு சேர்ந்து 2008இல் வெளியிட்டவர். ஆஷா டி வொஸ் எங்கள் கடலின் நீலத் திமிங்கிலங்கள் மற்றவற்றைப்போலக் குளிர்க்கடலுக்குப் போகாமல் வருடம் முழுவதும் இந்தச் சூடான தண்ணீரிலேயே இருப்பதை உலகத்துக்குச் சொன்னவர். தமிழில் எழுதும் ஒருவர் இன்னும் வரவில்லை என்பது என் மனக்குறை. இந்த மண்டபத்தில் உயர்தரம் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் முப்பது பேராவது இருப்பீர்கள். எல்லாரும் டொக்டராகத்தான் வரவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. டொக்டரே சொல்கிறேன்.

மீனவர்களிடம் கேட்டறிவதுபற்றிச் சொன்னேன். இந்த உயிர்களை எண்ணுவது கஷ்டம். கண்டவர்களின் ஞாபகம்தான் பல இடங்களில் இருக்கும் ஒரே பதிவு. இங்கே எண்பது வயது தாண்டிய அக்காமார் இருக்கிறீர்கள். சிலாவத்துறை, அரிப்பு, வங்காலை, பேசாலை, விடத்தல்தீவு என்று எல்லாக் கரையிலும் பிறந்தவர்கள் இருக்கிறீர்கள். நூலக வாசலில் உள்ள மேசையில் நான் ஒரு பெரிய கொப்பி வைத்திருக்கிறேன். நீங்கள் கண்டது என்ன, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடம், எத்தனை, உயிரோடா, செத்ததா, சந்தையிலா, சட்டியிலா, எதுவானாலும் எழுதுங்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லப்போவதில்லை. முதல் பக்கத்தில் என் அம்மம்மாவின் பிரட்டலை நானே எழுதிவிட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் செயலாளர் அக்காவுக்குக் கடிதமாக அனுப்பலாம். கொப்பி நிரம்பினால் இன்னொன்று வாங்கி வைப்போம்.

தேநீருக்கு மணி அடித்துவிட்டது.